பழைய வெள்ளி நாணயம்: சோதனைப் பெட்டியும் சான்றளிப்புச் சேவையும் – ஒரு சேகரிப்பாளரின் மதிப்புரை

பழைய வெள்ளி நாணயங்களைச் சேர்க்கும் ஒருவர், கைக்கு வந்த நாணயம் அசலா போலியா என்று தெரிந்துகொள்ள இன்று இரண்டு வழிகளில் பணம் செலவழிக்கலாம். நாணயச் சோதனைத் தொகுப்பு என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் சிறிய பெட்டியை வாங்கி வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது ஒரு வழி. நாணயத்தைச் சான்றளிப்பு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, அவர்கள் ஆராய்ந்து, தரத்தைக் குறித்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் திருப்பி அனுப்பும்வரை காத்திருப்பது மற்றொரு வழி. இரண்டையும் பயன்படுத்தி வருகிறவன் என்ற முறையில், எது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை, கையில் இருக்கும் பொருள் வெள்ளியா என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை தருகின்றன. அந்த வெள்ளியை அந்த ஆண்டில் அந்த நாணயச்சாலை அடித்ததா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதற்கு விடை தருவது பழகிய கண்ணும், ஒப்பிட்டுப் பார்க்க அசல் மாதிரிகளும் மட்டுமே. சான்றளிப்புச் சேவைக்கு நாம் கொடுக்கும் கட்டணம் உண்மையில் அந்தக் கண்ணுக்கான கட்டணம். விற்பனை விளம்பரங்கள் இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகக் காட்டுவதால்தான், பெட்டியை வாங்கியவர் போலிகளிலிருந்து தப்பிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்.

பொதுவாக இந்தத் தொகுப்பில் ஒரு டிஜிட்டல் தராசு, விட்டத்தையும் தடிமனையும் அளக்கும் பிளாஸ்டிக் காலிப்பர், உருப்பெருக்கி, வலிமை மிகுந்த நியோடிமியம் காந்தம், உரைகல்லுடன் ஓர் அமிலப் புட்டி ஆகியவை இருக்கும். இவற்றுள் கொடுத்த காசுக்கு முழுமையாக ஈடு செய்வது தராசுதான். பழைய நாணயங்கள் சட்டப்படி வரையறுக்கப்பட்ட எடையில் அடிக்கப்பட்டவை: பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், அமெரிக்க மார்கன் டாலர் 26.73 கிராம், அமெரிக்க வணிக டாலர் 27.22 கிராம், ஆஸ்திரிய அரசியின் பெயரால் வழங்கும் மரியா தெரசா தாலர் ஏறக்குறைய 28.07 கிராம். ஈயத்தைத் தவிர, செம்பு, நிக்கல், துத்தநாகம் போன்ற மலிவு உலோகங்கள் வெள்ளியைவிட அடர்த்தி குறைந்தவை. ஆகவே, அசலின் அளவிலேயே போலியைச் செய்தால் எடை குறையும். எடையைச் சரிக்கட்டினால் தடிமனோ விட்டமோ கூடிவிடும். கவனமின்றிச் செய்யப்பட்ட போலிகள் தராசிலும் காலிப்பரிலுமே பிடிபட்டுவிடுவதற்கு இதுவே காரணம். தேய்ந்த நாணயம் சற்றுக் குறைவாக நிறுப்பது இயல்பு. முகமெல்லாம் தேய்ந்திருந்தும் வரையறுத்த எடையைவிடக் கூடுதலாக நிறுக்கும் நாணயத்தைக் கண்டால்தான் நான் உஷாராகிறேன்.

தராசு வாங்கும்போது 0.1 கிராம் வரை காட்டுவதை வாங்கவே கூடாது, குறைந்தது 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். எடையை மட்டும் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஒப்படர்த்தியை, அதாவது அதே பருமனுள்ள நீரைவிட நாணயம் எத்தனை மடங்கு கனமானது என்பதை, கணக்கிடும்போதுதான் அதன் அருமை புரியும். ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றித் தராசின் மீது வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டிக் குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் மூழ்கும்படித் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய நீரின் எடை. நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96, ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமாக உள்ள நாணயத்துக்கு ஏறக்குறைய 10.3.

மார்கன் டாலர் ஒன்றை இவ்வாறு தொங்கவிட்டால் தராசு 2.59 என்று காட்டும், 26.73-ஐ அதனால் வகுத்தால் 10.32 வருகிறது, ஐயத்துக்கு இடமில்லை. அதே நாணயத்துக்கு 0.1 கிராம் தராசு 2.6 என்று காட்டும். உண்மை அளவு 2.55 முதல் 2.65 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், ஒப்படர்த்தியும் 10.1 முதல் 10.5 வரை எதுவாகவும் இருக்கலாம். தூய வெள்ளியையும் தரம் தாழ்ந்த கலவையையும் அந்தத் தராசால் பிரித்தறிய முடியாது. நாணயம் சிறியதாகும்போது 0.01 கிராம் தராசும் தடுமாறுகிறது. 2.92 கிராம் எடையுள்ள கால் ரூபாய் விலக்கும் நீர் வெறும் 0.28 கிராம்தான், கடைசி இலக்கம் ஒன்று கூடினால் விடை 10.07, ஒன்று குறைந்தால் 10.81. சிறு நாணயங்களைச் சேகரிப்பவர்கள் 0.001 கிராம் வரை காட்டும் தராசைத் தனியாக வாங்கிக்கொள்வதே நல்லது. தொகுப்புகளோடு வருவதில் இந்தத் துல்லியத்தை நான் பார்த்ததில்லை. நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால், எழுத்துகளின் இடுக்கில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்வது குறையும். அந்தக் குமிழிகள்தான் நல்ல நாணயத்தின் ஒப்படர்த்தியைத் தாழ்த்திக் காட்டுகின்றன.

ஒப்படர்த்தி, ஜெர்மன் சில்வர் என்று சொல்லப்படும் செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ரூபாய் எடையுள்ள அசல் வெள்ளி 1.13 கிராம் நீரை விலக்கும் இடத்தில் அது ஏறக்குறைய 1.34 கிராம் விலக்கும். ஆனால் அட்டவணையைப் பார்க்காமல் இந்தச் சோதனையைச் செய்பவர் அசலையே போலி என்று ஒதுக்கிவிடவும் கூடும். 1940 முதல் 1945 வரை அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் பாதிதான் வெள்ளி. எஞ்சியது செம்பு, நிக்கல், துத்தநாகம். அதன் ஒப்படர்த்தி 9.5 அளவில்தான் வரும், வரவும் வேண்டும். 1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும், ஒட்டுவதே அதன் அசல் தன்மை. எந்த ஆண்டில் எந்த நாணயச்சாலை எந்தக் கலவையில் அடித்தது என்ற அறிவு இல்லாதவரிடம் தராசு வெறும் எண்ணைத்தான் காட்டும்.

காந்தத்தைப் பற்றி மிகையான விளம்பரங்களே அதிகம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்; செம்பும் பித்தளையும் ஈயமும் ஒட்டுவதில்லை என்பதால், அந்தச் சோதனை இரும்பு கலந்த மிக மட்டமான போலிகளை மட்டுமே கண்டுபிடிக்கும். பயனுள்ள முறை வேறு. காந்தத்தைச் சரிவாகப் பிடித்து நாணயத்தை அதன் மீது வழுக்கவிட வேண்டும். வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால், நகரும் நாணயத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதன் வேகத்தைத் தடுக்கும். நாணயம் தயங்கித் தயங்கி இறங்கும். ஜெர்மன் சில்வரும் ஈயமும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாதவை என்பதால் விறுவிறுவென்று சரிந்துவிடும். பார்ப்பதற்கு இது மிகவும் திருப்தியளிக்கும் சோதனை. ஆயினும் செம்பின் கடத்துதிறன் வெள்ளிக்கு மிக அருகில் இருப்பதால், வெள்ளி முலாம் பூசிய செம்பும் அதே தயக்கத்தோடுதான் இறங்கும். ஒப்படர்த்தியோடு சேர்த்துப் பார்த்தால் மட்டுமே இதற்கு மதிப்பு உண்டு.

நாணயத்தை விரல் நுனியில் நிறுத்தி மெல்லத் தட்டி ஒலியைக் கேட்பது பழங்காலத்து முறை, செலவே இல்லாதது. அடிக்கப்பட்ட வெள்ளி நாணயம் தெளிவாக, நீண்டு ஒலிக்கும். வார்ப்புப் போலியும் ஈயம் கலந்ததும் மழுங்கலாக ஒலித்து அடங்கிவிடும். ஆனால் நகையில் பற்றவைத்துப் பின்னர் கழற்றப்பட்ட அசல் நாணயமும், உள்ளே விரிசல் கண்ட அசல் நாணயமும்கூட மழுங்கலாகவே ஒலிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமிலப் புட்டியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: அதைத் தொகுப்பில் வைப்பதே தவறு. நைட்ரிக் அமிலத்தில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைத்த அந்தத் திரவம் வெள்ளியின் மீது பட்டால் இரத்தச் சிவப்பாக மாறும் என்பது உண்மைதான். அது நகைகளுக்கும் வெள்ளிக் கட்டிகளுக்கும் உரிய சோதனை. நாணயத்தின் மேற்பரப்பில் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் அரிக்கப்பட்டு, இரண்டு நூற்றாண்டுகளாகப் பாதுகாக்கப்பட்ட மேல்தோல் திரும்பாமலே போய்விடும். உரைகல்லில் தேய்ப்பதும் அப்படித்தான். விளிம்பில் ஒரு தேய்ப்பு விழுந்த நாணயத்தை எந்தச் சான்றளிப்பு நிறுவனமும் சேதமடைந்தது என்றே குறிக்கும். முலாமுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக விளிம்பை அரத்தால் கீறச் சொல்லும் விற்பனைக் குறிப்புகளையும் நான் படித்திருக்கிறேன். நாணயத்தை நேசிக்கும் எவரும் அந்த அறிவுரையைப் பின்பற்றக் கூடாது. நாணயத்துக்குத் துளியும் தீங்கு செய்யாத தராசும் நீரும் அதே கேள்விக்கு அதைவிடத் துல்லியமாக விடை சொல்கின்றன.

இதைவிடக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு, மின்கடத்துதிறனை நேரடியாக அளக்கும் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. என்ன கலவை என்று தேர்வு செய்துகொண்டு நாணயத்தை அதன் மீது வைத்தால், அந்தக் கலவைக்குரிய எல்லைக்குள் அளவு விழுகிறதா என்று திரையில் காட்டும். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் நாணயத்தையும் திறக்காமலேயே இதனால் சோதிக்க முடியும் என்பது பெரிய நன்மை. தராசுக்கும் ஒலிக்கும் அந்த வாய்ப்பு இல்லை. ஆய்வுக்கூடங்களில் உள்ள, எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகத்தை ஆராயும் எக்ஸ்ஆர்எஃப் கருவி ஒவ்வொரு தனிமத்தின் விழுக்காட்டையும் தருவதால் அதைக் கடைசித் தீர்ப்பாகக் கருதுபவர்கள் உண்டு. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டுமே. செம்புக் கருவின் மீது வெள்ளித் தகடு போர்த்தி அடிக்கப்பட்ட பழங்காலக் கள்ள நாணயங்கள் அதனிடம் வெள்ளியாகவே தெரியும். தரம் தாழ்ந்த ரோமானிய வெள்ளியில் மேற்பரப்பிலிருந்த செம்பு கரைந்து வெளியேறியிருந்தால், நாணயத்தின் உண்மைத் தரத்தைவிட உயர்ந்த அளவையே அது காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. எந்த ஆழத்தைப் பார்த்து அந்த எண்ணைச் சொன்னது என்பதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி உருப்பெருக்கி. நாணயத்தை உண்மையில் அந்த நாணயச்சாலைதான் அடித்ததா என்ற இரண்டாவது கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் ஒரே கருவி இதுதான், ஆனால் தொகுப்பிலேயே மோசமாகத் தயாரிக்கப்படுவதும் இதுதான். 30 மடங்கு, 40 மடங்கு என்று அச்சிட்ட மலிவு லென்சுகள் ஓரங்களில் உருவத்தை வளைத்து, நிறச் சிதறலோடு காட்டும்; ஒளி விழக்கூட இடமில்லாமல் நாணயத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்று லென்சுகளை ஒட்டிச் செய்த நல்ல 10 மடங்கு உருப்பெருக்கி ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அதற்குமேல் தேவைப்படுவது அரிது.

அதன் வழியே முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அன்று, விளிம்பை. வார்ப்புப் போலியில் இரு அரைகள் இணைந்த கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். அரத்தால் அதைத் தேய்த்து மறைத்திருந்தால் தேய்த்த கீறல்கள் தெரியும். அருங்காட்சியகங்களில் பார்வைக்கு வைப்பதற்காக மின்படிவு முறையில் (மின்சாரத்தால் உலோகத்தை அச்சில் படியவைத்து) செய்யப்பட்ட நகல்களிலும் அந்த இணைப்புக் கோடு உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் ரெடி செய்த நகல்களின் விளிம்பில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளான இரண்டு ஆர் பொறிக்கப்பட்டிருக்கும். நேர்மையாகச் செய்யப்பட்ட நகல்கள் அவை.

விளிம்பு எவ்வளவு பேசும் என்பதற்கு ஸ்பானிய எட்டு ரியால் நாணயத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய அமெரிக்காவின் நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்டு உலகமெங்கும் புழங்கிய, எனவே உலகமெங்கும் போலி செய்யப்பட்ட நாணயம் இது. 1772-இல் தொடங்கிய, அரசர் தலை பொறித்த வகையின் விளிம்பில் வட்டமும் செவ்வகமும் மாறி மாறி வரும். அந்த வடிவத்தை நாணயத்தின் முகங்களை அடிக்கும்போது பதிக்கவில்லை. இன்னும் முகம் அடிக்கப்படாத வெறும் உலோக வில்லையை, வடிவம் வெட்டிய இரண்டு உலோகச் சட்டங்களுக்கிடையே உருட்டித் தனியாகப் பதித்தார்கள். ஒவ்வொரு சட்டமும் சுற்றளவில் பாதியைப் பதித்ததால், இரு பதிவுகளும் சந்திக்கும் இடத்தில் வட்டத்தின் மீது செவ்வகம் ஏறியோ ஒன்றோடொன்று நெருங்கியோ சற்றுக் குழம்பியிருக்கும். அத்தகைய இடங்கள் இரண்டு, நேர் எதிரெதிரே. நாணயத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே உருப்பெருக்கியில் பார்க்கும்போது முதல் சந்திப்பு தென்பட்டதும், அங்கிருந்து அரைச் சுற்றுத் திருப்பினால் இரண்டாவதும் தென்பட வேண்டும். போலி செய்தவர் அழகாக இருக்க வேண்டும் என்றெண்ணி விளிம்பு முழுவதும் வட்டத்தையும் செவ்வகத்தையும் பிசகின்றிப் பதித்திருப்பார். அந்த ஒழுங்கே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்திரத்தின் இயல்பை அறிந்தவருக்கு மட்டுமே தெரியும் இத்தகைய குறைகளைத் தேடிப் பார்ப்பதில்தான் இந்தக் கலையின் இன்பமே இருக்கிறது என்பேன்.

முகத்தைப் பார்க்கும்போது, காற்றுக் குமிழிகள் விட்டுச் சென்ற நுண்குழிகள், எழுத்துகளின் கூர்மை இழந்த ஓரங்கள், வெற்றிடத்தில் புடைத்து நிற்கும் சிறு பருக்கள் ஆகியவை வார்ப்பின் அடையாளங்கள். இதைவிடத் தந்திரமானது, அசல் நாணயம் ஒன்றிலிருந்து அச்சு எடுத்து அந்த அச்சால் அடிக்கப்படும் போலி. அசலின் மீது எப்போதோ விழுந்த வெட்டும் கீறலும் அந்த அச்சில் பதிந்து, அதிலிருந்து பிறந்த எல்லாப் போலிகளிலும் அதே இடத்தில் வரும். ஒரே கீறல் ஒரே இடத்தில் உள்ள இரண்டு நாணயங்களைப் பார்த்தால் இரண்டையும் வாங்காதீர்கள்; இரண்டில் ஒன்று அச்சுக்கு மூலமான அசலாகவே இருந்தாலும், எது என்று சொல்வது எளிதன்று. விற்பனைக்கு வரும் நாணயங்களின் நல்ல படங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு எந்தக் கருவியைவிடவும் உதவும்.

இவ்வளவும் செய்தும் பெட்டி எங்கே தோற்கும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று இருக்கிறது. மார்கன் டாலர்களில் 1896, 1900, 1902 ஆகிய ஆண்டுகளைத் தாங்கி, நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையைக் குறிக்கும் ஓ எழுத்து மிகச் சிறியதாக அமைந்த ஒரு வகை உண்டு. அதை அசலின் அரிய வேறுபாடு என்றே சேகரிப்பாளர்கள் பல்லாண்டுகளாக மதித்து வாங்கினார்கள். சான்றளிப்பு நிறுவனங்களும் அசல் என்று சான்றளித்து உறையிட்டன. 2005-இல் பிசிஜிஎஸ் என்ற அமெரிக்கச் சான்றளிப்பு நிறுவனம் அவை மூன்றும் போலிகள் என்று அறிவித்தது. வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லும் நாணயங்கள் ஒரே பின்புற அச்சின் பழுதுகளைப் பகிர்ந்துகொண்டிருந்ததே அவற்றைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் போலிகள் வெள்ளியால் ஆனவை. ஒரு டாலர் நாணயத்தில் அடங்கிய வெள்ளியின் விலை ஒரு டாலரைவிட வெகுவாகக் குறைந்திருந்த காலத்தில், நல்ல வெள்ளியையே போட்டுக் கள்ள டாலர் அடித்தாலும் ஆதாயம் கிடைத்தது. அத்தகைய நாணயத்தைத் தராசில் வைத்தாலும், நீரில் தொங்கவிட்டாலும், காந்தத்தில் வழுக்கவிட்டாலும் எல்லாவற்றிலும் அது தேறிவிடும்.

இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830), கிரேக்க, ரோமானிய நாணயங்களுக்குத் தம் கையாலேயே அச்சு வெட்டினார். மலிவாகக் கிடைத்த உண்மையான பழங்கால நாணயங்களை வில்லையாக வைத்து, அவற்றின் மீதே தம் அச்சை அடித்தார். ஆகவே அந்த உலோகமும் உண்மையிலேயே பழையது. புதிய பளபளப்பைப் போக்க, இரும்புத் தூள் நிரப்பிய பெட்டியில் போட்டுக் குதிரை வண்டியில் பூட்டி ஊர் சுற்றினார் என்று சொல்லப்படுகிறது. உலோகத்தை ஆராயும் எந்தக் கருவியும் அவரைப் பிடித்திருக்காது. பிடித்தது, பாணியை அறிந்தவர்களின் கண்.

மரியா தெரசா தாலர் வேறொரு வகைச் சிக்கல். அரசி 1780-இல் மறைந்த பிறகும், அரபு நாடுகளிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அந்த நாணயத்துக்கு இருந்த நம்பிக்கையால், 1780 என்ற ஆண்டை மாற்றாமலே தொடர்ந்து அடித்தார்கள். 1935-இல் இத்தாலி அச்சுகளைப் பெற்று ரோமில் அடிக்கத் தொடங்கியதும், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பம்பாய் ஆகிய இடங்களிலும் அது அடிக்கப்பட்டது. வியன்னா நாணயச்சாலை இன்றும் அடிக்கிறது. எல்லாமே ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி என்ற அதே கலவையை ஒட்டியவை. 18-ஆம் நூற்றாண்டு நாணயத்தையும் நேற்று அடித்ததையும் பிரிக்க மார்பணியின் முத்துகளையும், கழுகின் வால் இறகுகளையும், விளிம்பெழுத்துகளுக்கு இடையிலான அணிவேலையையும்தான் பார்க்க வேண்டும். இங்கே அசல் எது என்று பெட்டியைக் கேட்பதில் பொருளே இல்லை.

சான்றளிப்புச் சேவை இந்த இடத்தில்தான் தன் கட்டணத்துக்குத் தகுதி பெறுகிறது. மேலே சொன்ன பிசிஜிஎஸ் 1986-இலும், அதே வேலையைச் செய்யும் மற்றொரு நிறுவனமான என்ஜிசி 1987-இலும் தொடங்கின. படிவத்தில் நாணயத்தின் விவரத்தையும் மதிப்பையும் எழுதி, காப்பீட்டுடன் அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் பார்த்து, 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவையில் தரம் குறித்து, எண்ணிட்ட உறையில் அடைத்து அனுப்புவார்கள். போலி என்று கருதினால் தர எண் கொடுக்கமாட்டார்கள். துலக்கியதோ பழுதுபார்த்ததோ என்றால் அசல் என்று மட்டும் குறித்து, தர எண்ணுக்குப் பதிலாகக் குறையை எழுதுவார்கள். சேகரிப்பாளர்களுக்கு மனவருத்தம் தருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். எனினும் நிறுவனம் செய்யும் மிக நேர்மையான வேலையும் அதுவே என்பது என் எண்ணம். துலக்கிய நாணயத்தைத் துலக்கியது என்று சொல்லாத விற்பனையாளர்கள் நிறைந்த சந்தையில் அந்த ஒரு வரி வாங்குபவரைக் காப்பாற்றுகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. காத்திருக்கும் காலம் நீளமானது. சில வேளைகளில் சொன்ன கெடுவைத் தாண்டியும் நீளும். தர எண் ஒரு கருத்தே தவிர அளவீடு அன்று. அதே நாணயம் மறுமுறை அனுப்பப்பட்டால் ஓர் எண் ஏறியோ இறங்கியோ வருவதுண்டு. பழைய உறைகளில் விளிம்பு முழுவதும் பிளாஸ்டிக்கால் மூடப்பட்டிருக்கும். நான் மேலே இவ்வளவு எழுதிய விளிம்பைப் பார்க்கவே முடியாது என்பதால், எட்டு ரியாலை வாங்குவதானால் விளிம்பு தெரியும் வகை உறையில் இருப்பதைத்தான் தேடுகிறேன்.

உறையையும் இன்று போலி செய்கிறார்கள். லேபிளில் உள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அது இருக்கிறது என்று கண்டதும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. போலி செய்பவர்கள் உண்மையான எண்ணையே நகலெடுத்துக்கொள்கிறார்கள். தளத்தில் படம் இருந்தால், அரசர் கன்னத்தில் உள்ள கீறல், விளிம்பருகே உள்ள கருமைப் படிவு என்று ஒவ்வொன்றையும் கையில் உள்ள நாணயத்தோடு ஒப்பிட வேண்டும். கடத்துதிறன் கருவி உறைக்கு வெளியிலிருந்தே பயன்படுவது இந்த இடத்தில் மிகவும் உதவியாக இருக்கிறது.

எனவே, தொகுப்பைத் தொகுப்பாக வாங்க நான் பரிந்துரைக்கவில்லை. 0.01 கிராம் தராசு, அதைச் சரிபார்க்க ஓர் எடைக்கல், பிளாஸ்டிக் தாடையுள்ள காலிப்பர், நல்ல 10 மடங்கு உருப்பெருக்கி, ஒரு காந்தம் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கினால் போதும், அமிலம் வேண்டாம். நாணயங்களைப் போட்டு வைக்கத் தொகுப்போடு மென்மையான பைகள் சில வந்தால் அவற்றையும் பயன்படுத்தாதீர்கள். வளைந்து கொடுக்கும் அந்தப் பைகள் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. காலப்போக்கில் வெள்ளியின் மீது பச்சைப் பிசுக்கைப் படியவிட்டு மேற்பரப்பை அரித்துவிடும். பாலியெஸ்டர் தாளில் செய்த உறைகள் பாதுகாப்பானவை.

சான்றளிப்புக்கு அனுப்புவதைப் பொறுத்தவரை, நாணயத்தின் மதிப்பு கட்டணத்தையும் அஞ்சல், காப்பீட்டுச் செலவுகளையும் தாங்க வேண்டும். அதோடு அது அதிகம் போலி செய்யப்படும் வகையாகவோ, ஓர் ஆண்டு எண்ணோ சிறு எழுத்தோ விலையைப் பன்மடங்காக்கும் வகையாகவோ இருக்க வேண்டும். அமெரிக்க வணிக டாலர், அரிய ஆண்டு மார்கன் டாலர், நல்ல நிலையிலுள்ள எட்டு ரியால் ஆகியவற்றை நான் தயங்காமல் அனுப்புவேன். தேய்ந்து கிடைக்கும் சாதாரண ஆண்டு ரூபாய்களுக்கும் நவீன மரியா தெரசா தாலருக்கும் தராசும் உருப்பெருக்கியும் போதும். பழங்காலக் கிரேக்க, ரோமானிய வெள்ளியை அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: என்ஜிசி அவற்றை ஆராய்ந்து, அசல் என்று கருதுவதை மட்டுமே உறையிடுகிறது என்றாலும், பிற்கால நாணயங்களுக்கு அளிக்கும் அசல்தன்மை உத்தரவாதத்தை நீண்ட காலம் அவற்றுக்கு அளிக்காமல் இருந்தது. அத்தகைய நாணயங்களை, போலி என்று எப்போது தெரியவந்தாலும் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளும் சிறப்பு வணிகரிடமோ ஏல நிறுவனத்திடமோ வாங்கி, அந்த ரசீதை நாணயத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.